கை இழுத்துக் காலரா கண்டுபிடித்த கமிட்டி

உலக விஞ்ஞான வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: தூத்துக்குடிக் காலரா தடுப்புக் கமிட்டிக்கு முன், பின். 1975இல் அதன் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

தோணிகளில் காலரா வந்து இறங்குவதாக ஊரில் பேச்சு. மலப் பரிசோதனையை ‘அநாகரிகம்’ என்று கருதிய தலைவர் வெள்ளத்துரை, வேறு வழி கேட்டு, கல்லூரியில் பௌதிகம் நடத்தும் எஸ்றா சாரை அழைத்துவந்தார்.

“ரத்தத்துல இருக்க வெள்ளணுவுக்குக் கண்ணு கிடையாது, அண்ணாச்சி,” என்றார் எஸ்றா. “எதிர்ல வாரதைப் பிடிச்சு இழுத்துப் பாக்குதுன்னு நெனைக்கேன். நம்ம உடம்பைச் சேர்ந்ததுன்னா பிடி நழுவிரும். கிருமின்னா இழுக்க இழுக்க இறுகும். அந்த விசையை அளந்தா, கிருமியை எப்படி அடையாளம் காணுதுன்னு புரியும். இப்போதைக்கு ஊகந்தான்.”

“ஊகத்தை நாளைக்கே அமல்படுத்துவோம்,” என்றார் தலைவர்.

“ஐயோ, இது அணுவுக்கு. ஆளுக்கில்ல!”

“ஆளுக்குள்ளதான சார் அணு இருக்கு?”

எஸ்றா வேண்டாமென்று இரு கைகளையும் ஆட்டினார். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் துறைமுக வாசலில் ‘விசைப் பரிசோதனை’ தொடங்கியது. வந்திறங்குபவரின் கையைக் காவலர் பிடித்து இழுப்பார். பிடி நழுவினால் ‘நம்ம ஆள்’. இறுகினால் ‘கிருமி’, நேரே தனிமைக் கொட்டகை.

முதல் கிருமி, புன்னைக்காயல் இனிகோ. கொழும்புக்குத் தோணியில் போய் ஐந்து மாதம் கழித்துத் திரும்பியவர். இழுத்த வேகத்தில் தடுமாறி, விழாமலிருக்கக் காவலரின் கையையே இறுகப் பற்றிக்கொண்டார். காத்திருந்த மனைவி ஹில்டா ஓடிவந்து அவருடைய மறு கையைப் பிடித்தாள்.

“ஏளா, விட்டுரு! உன்னையும் அடைச்சிருவானுவ!”

“அஞ்சு மாசம் விட்டது போதும். இனி விடமாட்டேன்.”

‘கடுமையான தொற்று’ என்று முடிவு செய்து இருவரையும் ஒரே கொட்டகையில் அடைத்தோம். அவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் தலைவரின் மைத்துனர் செல்வதுரை. வாந்தியும் பேதியுமாகத் தோணியிலிருந்து இறங்கினார். அவர் கை, வாடிய கீரைத்தண்டாக நழுவியது.

“காலரா மாதிரித் தெரியுது! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!” என்று கத்தினார் எஸ்றா.

“நம்ம ஆளு சார்,” என்றார் தலைவர். “பௌதிகமே சொல்லுது.”

செல்வதுரை கமிட்டி காரில் ஊருக்குள் போனார். பின்னாலேயே காலராவும் போனது.

எஸ்றா சார் வகுப்பை விட்டுவிட்டு, வீடு வீடாக உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுக்கப் போய்விட்டார். ‘கொள்கையில் உறுதியற்றவர்’ என்று அவரை நீக்கினோம்.

செல்வதுரை பிழைத்தார். கமிட்டி உறுப்பினர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கும் ஒரு தெருவில் மட்டும் பிணங்கள் விழுந்தன.

“அந்தத் தெருவை மட்டும் கிருமி எப்படிவே சரியா கண்டுபிடிச்சுது?” என்று தலைவர் வியந்தார்.

இதில் வியப்பில்லை. குழாயைச் சரிசெய்யக் கேட்டு அந்தத் தெருவினர் வந்தபோதெல்லாம் வாசலிலேயே திருப்பியனுப்பியவர்கள் நாங்கள். யாரைக் கொன்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைக் கிருமி எங்களிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.