மூன்றாவது நன்றியைத் தேடிய படலம்

வாழிய வால்தெமார் எச்செவெரி! மொந்தேவிதேயோ மாநகரத்துப் பழைய பட்டணத்தில், நோட்டரி அலுவலகம் ஒன்றின் நான்காம் மாடியில், முத்திரைக் கட்டையே படைக்கலமாக முப்பத்தோராண்டு விடாது ஏந்திய தடந்தோள் வீரனே! வெயில் அடித்தால் வெயிலையும் காற்றடித்தால் காற்றையும் இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் புழுக்கத்தையும் ஏசி ஏசியே நா தழும்பேறிய குறைகூறற் குரிசிலே! உன் புகழ் பாடப் புகுந்தோம். முகத்துவாரத்துக் காற்றே, எம் நாவில் வந்து அமர்க. தூசியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே. நாயகன் தும்முவான், தும்மலுக்கும் ஒரு புகார் சொல்வான்.

போருக்குக் காரணம் ஒரு பெண். காவியமென்றால் அப்படித்தானே! ஆனால் இங்கே அவளை எவனும் தேரில் ஏற்றிக் கடத்தவில்லை. அவளே பேருந்தில் ஏறிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். மனையறத் தலைவி சூல்மா, ஆண்டின் முதல் நாள் காலையில், சிவப்பு அட்டை போட்ட நாட்குறிப்பு ஒன்றை அவன் முன் வைத்து உரைத்த வஞ்சினம் இது:

"இதப் பாரு கிழவா. தெனம் மூணு விஷயம், எதுக்கு நன்றியோ அத எழுது. வருசக் கடைசி நாள் எங்கிட்ட வாசிச்சுக் காட்டணும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னாலும் நான் சால்தோவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு வாரத்துக்கு இல்ல. நல்லது எதுவுமே கண்ணுல படாத மனுசன்கூட இன்னொரு வருசம் என்னால முடியாது."

சூல்மா கத்தினால் பயமில்லை. அன்று மெதுவாகப் பேசினாள். அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்த நம் வீரன் உடனே பேனாவைத் தேடினான். அன்றே எழுதத் தொடங்கினான்.

அந்த ஓராண்டுப் படையெடுப்பை என்னென்று பாடுவோம்! ஜனவரியில் 'பேருந்து வந்தது' என்று எழுதினான். பிப்ரவரியில் 'பேருந்தில் இடம் கிடைத்தது' என்று முன்னேறினான். மார்ச்சில் சொல்வளம் வற்றி, 'பேருந்து கவிழவில்லை' என்னும் அருவாக்கியத்தை ஒன்பது முறை பொறித்தான். ஜூன் மாதக் குளிர்க்காய்ச்சலில் பதினொரு நாள் விட்டுப்போக, தேறி எழுந்த அன்று ஒரே மூச்சில் முப்பத்து மூன்று நன்றிகளை நிரப்பினான்; அவற்றுள் ஆறு, மேலதிகாரிக்கு வந்த பல்வலிக்கு. நன்றிப் போர்வைக்குள்ளும் புகாரே பதுங்கியிருந்தது. தான் எழுதியதைத் தானே படித்தால் அவனுக்கே வெட்கமாக இருக்கும், ஆகவே படிப்பதில்லை.

இவ்வாறு முந்நூற்று அறுபத்து நான்கு நாள்களை வென்றவன், கடைசி நாள் காலையில் தடுக்கி விழுந்தான். காலை மாத்தே, அந்த ஊர் இலைத்தேநீர், சூடாக இருந்தது, ஒன்று. பேக்கரியில் வரிசை இல்லை, இரண்டு. மூன்றாவது வரவில்லை. ஆகவே குறிப்பேட்டை அலுவலகத்துக்கே கொண்டுவந்து மேசைமேல் விரித்து, வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கி, மாத்தேக் கிண்ணத்தை இடக்கையிலும் பேனாவை வலக்கையிலும் பற்றி, நெற்றி சுருங்க, புருவம் நெரிய, கோட்டை வாயிலில் நின்ற கோமகன்போல் வெற்றுக் கோட்டின் முன் உட்கார்ந்திருந்தான். மணி பன்னிரண்டானது.

அந்த நாளின் நண்பகலில் பழைய பட்டணத்து அலுவலர்க்கெல்லாம் ஒரு கடமை உண்டு. கழிந்த ஆண்டின் நாட்காட்டிகளையும் நாட்குறிப்புகளையும் கிழித்துச் சாளரத்தின் வழியே வீசவேண்டும். வீதி வெளுக்கும்வரை வீசவேண்டும். எதிர்க் கட்டடத்தார் தலை தெரிந்தால் வாளித் தண்ணீரும் வீசலாம். வால்தெமார் இதில் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. ஆண்டுதோறும் தன் பக்கத்துச் சாளரத்தைச் சாத்திவிட்டு, இதை யார் பெருக்குவது என்று முணுமுணுப்பதே அவன் வழக்கம்.

"ஒரே ஒரு தாளாவது கிழியேன், வால்தெமார்!" என்று கூவினாள் பக்கத்து மேசை நிபியா, கையில் கிழித்த குவியலோடு. "முத்திர குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சா?"

"குப்ப போடுறது நீங்க, வழுக்கி விழுறது நான்!" என்று முழங்கினான் வீரன். "எனக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு. தொந்தரவு பண்ணாத!"

நிபியா சிரித்துக்கொண்டே அவன் சாளரத்தையும் திறந்துவிட்டாள். அந்தோ! எதிர்ப்புறக் கப்பல் முகவர் அலுவலகத்தின் நான்காம் மாடியில், வழுக்கைத்தலை வயவன் ஒருவன், நாள் முழுதும் இதற்கே காத்திருந்தவன்போல் வாளியோடு எழுந்தான். குறுகிய வீதி, குறி தப்பவில்லை. ஆலகாலம்போல் பாய்ந்த அப்புனல் வால்தெமாரின் உச்சி நனைத்து, சட்டை நனைத்து, இறுதியில், ஐயகோ, அப்போதுதான் வெந்நீர் ஊற்றிய மாத்தேக் கிண்ணத்துள்ளும் புகுந்தது. வேறெதைப் பொறுத்தாலும் மாத்தேயில் பச்சைத் தண்ணீர் கலந்ததை எந்த மொந்தேவிதேயோக்காரன் பொறுப்பான்?

எழுந்தான்! நாற்காலி சாய எழுந்தான், மேசைமேல் கிடந்த நாட்காட்டியைக் கிழித்து எறிந்தான், நிபியாவின் குவியலைப் பறித்து எறிந்தான், வாடிக்கையாளர்க்குக் கொடுத்தது போக மிஞ்சிய சிவப்பு அட்டை நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடுமுதுகில் பிளந்து, கத்தை கத்தையாய்க் கிழித்து, "வாங்கிக்கோடா மொட்ட!" என்னும் போர்முழக்கம் வீதியெங்கும் எதிரொலிக்க, வெண்தாள் மாரி பொழிந்தான். எதிரே வழுக்கையனும் சளைக்காமல் பொழிந்தான். தாள்கள் நடுவானில் மோதிக்கொண்டன. கீழே யாரோ கைதட்டினார்கள். ஈரச் சட்டையோடு சாளரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, விலா நோக, நம் குறைகூறற் குரிசில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது வந்தது மூன்றாவது நன்றி. கூப்பிடாமலே வந்தது. ஆண்டு முழுக்க எழுதிய ஆயிரத்துச் சொச்சத்தில் மெய்யாகவே நெஞ்சிலிருந்து வந்தது அது ஒன்றுதான். எழுதிவிடத் திரும்பினான். மேசைமேல் கிண்ணம் இருந்தது. பேனா இருந்தது. குறிப்பேடு இல்லை.

நிபியா அவன் முகத்தைப் பார்த்தாள். "செவப்பு அட்டையா? நம்ம ஆபீசு குடுக்கிற ஓசி டைரியிலயா எழுதினே?"

ஆம். சிக்கனத்தில் சிறந்த சூல்மா, கணவன் கொண்டுவந்த இலவச நாட்குறிப்பிலேயே அவன் கதியையும் நிர்ணயித்திருந்தாள். படியிறங்கி ஓடினான் வால்தெமார். முழங்கால் ஆழத் தாளில் இறங்கித் துழாவினான். யாருடைய பல் வைத்தியர் சந்திப்போ கிடைத்தது. யாரோ யாரையோ மதியம் மூன்று மணிக்குச் சந்திக்கவேண்டியிருந்தது. ஒருமணி நேரம் தேடியும் தன் கையெழுத்தில் கிடைத்தது 'பேருந்து வந்' என்பது மட்டுமே, அதிலும் மை கரைந்திருந்தது. மேலே பார்த்தான். வழுக்கையன் அன்போடு கையசைத்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பொய்கள் புனைந்தான். திருடன் பறித்தான் என்று ஒன்று. அலுவலகத்தில் தீப்பற்றியது என்று மற்றொன்று. மூன்றாவது பொய்யில் புறாக்கள் வந்தன. கதவைத் திறந்ததும் நடுக்கூடத்தில் கட்டி வைத்த பெட்டி நின்றது, பக்கத்தில் சூல்மா நின்றாள். புறாக்கள் பறந்துபோயின.

"நோட்டு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் சூல்மா. நானேதான். கிழிச்சு, நாலாவது மாடியிலேர்ந்து."

"நீயா? தாள் வீசினியா? நீ?"

"ஆமா. முந்நூத்தி அறுபத்தி அஞ்சு நாளும் போச்சு."

"அது போனா என்ன. நான் மார்ச்சு மாசமே அதத் தொறந்து பாத்துட்டேன். பஸ்ஸு பஸ்ஸுன்னு எழுதி வச்சிருக்கே. எங்கிட்ட எதுக்கு, டிரைவருகிட்ட வாசிச்சுக் காட்டு."

வால்தெமார் தலைகுனிந்தான். தலையிலிருந்து ஒரு தாள் துண்டு தரையில் விழுந்தது. "இன்னிக்கு மூணாவது மட்டும் நெசம்," என்றான். "எதுத்தாப்புல ஒரு மொட்டையன் என் தலையில ஒரு வாளித் தண்ணிய ஊத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒடனே இத சூல்மாகிட்ட போய்ச் சொல்லணும்னு தோணிச்சு. சொல்றதுக்கு நீ இருக்கியேன்னு. அதான், அதத்தான் எழுதப் போனேன்."

அவன் சட்டை இன்னும் ஈரமாகவே இருந்தது. வானோர் பூமாரி பொழிந்தனரோ, திசை எட்டும் முரசு அதிர்ந்தனவோ, நகரை ஒட்டி ஓடும் வெள்ளியாறு கரைபுரண்டு வந்து வீரன் தாள் வருடிற்றோ எனப் பாடிப் பரணியை முடித்துவைக்க நாமும் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தோம்.

சூல்மா பெட்டியைத் திறந்து, தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.