கீப்பருக்குப் பின்னால் நின்றவர்

உதைபந்தாட்டம் பார்க்கப் போய் ஒருநாளும் பந்தைப் பார்க்காமல் திரும்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கோல்போஸ்ட் அண்ணைதான். யார் வென்றது என்று கேட்டால் முழிப்பார். ஆனால் கீப்பருக்கு இடது முழங்காலில் நோவு, ஒரு பூட்ஸ் இறுக்கம், மனிதர் காலையில் வடிவாகச் சாப்பிடவில்லை என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி மனுக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எங்களில் சிலருக்கு சுவிஸ் நாட்டின் லாங்கன்தால் ஊரில் ஒரு பழைய வீட்டை ஒதுக்கியிருந்தார்கள். என் அறையின் மற்றக் கட்டில் அவருடையது. அவர் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார், நான் அதே ஹோட்டலில் துணி துவைத்தேன். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. ஞாயிறு மத்தியானம் ஊர்க் கழகத்தின் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் போய் நின்றாரென்றால் மழை கொட்டினாலும் அசைய மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கோலுக்கு ஒரு கம்பம் கூடுதலாக நட்டிருப்பதுபோல இருக்கும். அப்படி வந்த பெயர்தான் கோல்போஸ்ட்.

ஊரில் அவரும் கீப்பராக இருந்தவராம். அவர் விட்ட கோல்களால் பக்கத்து ஊர்களில் பலர் வீரர்களானார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு கொள்கை பிறந்திருந்தது. மற்றப் பத்துப் பேரும் ஒன்றாக ஓடுவார்கள், ஒருவரையொருவர் திட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். கீப்பரோடு கதைக்க மட்டும் ஒரு நாதி இல்லை. ஆகவே அவர் கதைத்தார். ஆட்டம் முழுக்க, நல்ல யாழ்ப்பாணத் தமிழில், கட்சி பேதமில்லாமல். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் எதிரணிக் கீப்பருக்கும் அதே உபசாரம். ஒருமுறை வெளியூர்க் கீப்பர் ஒருவர் மிரண்டுபோய் நடுவரிடம் முறையிட, கொஞ்சம் ஜெர்மன் தெரிந்த என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது, தொப்பியைப் போடு தம்பி என்கிறார் என்று சொன்னேன். கீப்பர் போய்த் தொப்பியை எடுத்துப் போட்டார்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஊர்க் கழகத்துக்குப் புதுக் கீப்பர் வந்தார். கானா நாட்டுக்காரர், பீங்கான் ஆலையில் வேலை, பெயர் இமானுவேல். எங்கட பாசையூர் வேதக்காரச் சனத்தின்ர பெயரெல்லோ என்று கோல்போஸ்ட் அண்ணைக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

இமானுவேலின் முதல் ஆட்டத்திலேயே எங்களுக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர்க் கூட்டம் "ஊ ஊ" என்று சத்தம் போட்டது. எங்களுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் ஊர் மைதானங்களில் கூ அடிக்காமல் ஆட்டம் நடந்ததே இல்லை, அதிலும் சொந்த அணிக்குத்தான் அதிகம் விழும். பிறகு யாரோ ஒரு வாழைப்பழத்தை எறிந்தார்கள். அது இமானுவேலின் காலடியில் வந்து விழுந்தது. அதுவும் எங்களுக்கு விளங்கியது, பிழையாக. இடைவேளையில் ஆட்டக்காரருக்கு வாழைப்பழமும் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கோல்போஸ்ட் அண்ணைக்கு எறிந்த முறைதான் பிடிக்கவில்லை.

"சாப்பாட்டுச் சாமானை எறிஞ்சே குடுக்கிறது? கையில குடுக்கத் தெரியாத சனமடா இது," என்றார்.

அடுத்த ஞாயிறு ஹோட்டல் தட்டத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அலுங்காமல் வைத்துக்கொண்டு வந்தார். கதலி கிடைக்கவில்லை என்று வழியெல்லாம் கவலை. இடைவேளைக்கு உள்ளே போன இமானுவேலை மறித்து, கோயிலில் காளாஞ்சி கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். இமானுவேல் தட்டத்தைப் பார்த்தார். பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தார். கையுறையைக் கழற்றியபடி விலகிப் போய்விட்டார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஒருவர் வந்து கோல்போஸ்ட் அண்ணையின் முதுகில் தட்டி, தன் கமக்கட்டைச் சொறிந்து, குரங்குபோலத் துள்ளிக் காட்டினார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணையின் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வெள்ளைத் துணியின் நாலு முனையையும் மடித்துப் பழத்தை மூடினார்.

அன்று பின்னேரமே இமானுவேலின் அறையைத் தேடிப் போய், தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். நானும் கூடப் போனேன். இமானுவேல் கோபப்படவில்லை. உங்கள்மேல் பிழையில்லை, ஆனால் எனக்குப் போதும், வேறு கீப்பர் இல்லாதபடியால் வருகிற ஞாயிறு மட்டும் ஆடுவேன், அதோடு சரி என்றார். கோல்போஸ்ட் அண்ணைக்கு அது போதவில்லை. ஒரு கீப்பரைத் தன் கையாலேயே மைதானத்தை விட்டுத் துரத்திவிட்டோமே என்று உருகினார். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கழகப் பொறுப்பாளரிடம் போனார். அவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். துப்பக்கூடாது, போத்தல் எறியக்கூடாது, வேலி ஏறக்கூடாது. சத்தம் போடுவதற்கு எதிராக விதி ஒன்றும் இல்லை, நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் இல்லை.

"அப்ப வாய்க்குச் சட்டமில்லையோ?" என்று கேட்டார் கோல்போஸ்ட் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன். பொறுப்பாளர் எங்களைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார்.

சனிக்கிழமை அண்ணை குசினிப் பெரியவரிடம் கேட்டு ஒரு பெட்டி வாழைப்பழம் வாங்கி வந்தார். ஏதும் குழப்பமென்று பொலிசில் பதிந்தால் அகதி மனு அதோடு போய்விடும் என்று எங்களுக்கு வந்த முதல்நாளே சொல்லியிருந்தார்கள். கெஞ்சிப் பார்த்தேன்.

"நான் சண்டைக்குப் போகேல்லையடா. பந்தி விசாரிக்கப் போறன்," என்றார்.

ஞாயிறு அன்று வாழ்நாளில் முதன்முறையாகக் கோலுக்குப் பின்னால் நில்லாமல், நேரே அந்தக் கூட்டத்துக்குள் போனார். கல்யாண வீட்டில்போல வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பழம், இரண்டு கையாலும், குனிந்து, "பிட்டே", எடுங்கள் என்றபடி. இந்த நாட்டுச் சனத்திடம் பிட்டே என்று ஒன்றை நீட்டினால் கை தானாக வாங்கும், வாய் தானாக "மெர்ஸி" என்று நன்றி சொல்லும். பிள்ளையிலிருந்து பழக்கிய பழக்கம், அவர்களால் என்ன செய்ய முடியும்? வாங்கினார்கள், மெர்ஸி சொன்னார்கள், கையில் வாழைப்பழத்தோடு நின்றார்கள். பந்து இமானுவேலிடம் வந்தது. ஒருவன் மட்டும் "ஊ" என்று தொடங்கினான். பக்கத்தில் நின்றவன் ஊளையிட்டவனின் கையிலிருந்த பழத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு அந்த "ஊ" செத்தது.

ஒரு தடியன் பழத்தைச் சேற்றில் போட்டு மிதிக்கப் போனான். கோல்போஸ்ட் அண்ணை குனிந்து எடுத்து, தன் கோட்டில் துடைத்து, திரும்பவும் "பிட்டே" என்றார். இப்படி ஒரு துணிவை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்தத் தடியன் மைதான வாசலில் காவல் நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டான்.

பொலிஸ்காரர் வந்து இந்த ஆள் என்ன செய்கிறார் என்று கேட்டார். பழம் கொடுக்கிறார் என்றேன். எதற்கு என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

"ஊளையிடச் சட்டம் விடுதெண்டால் பழம் குடுக்கவும் விடும்தானே. கேட்டுச் சொல்லு," என்றார்.

சொன்னேன். பொலிஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பழம் தின்றுகொண்டிருந்தது. கோல்போஸ்ட் அண்ணை அவருக்கும் ஒன்றை நீட்டினார். கடமை நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்தது. இமானுவேல் நேரே எங்களிடம் நடந்து வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்து, எனக்கு ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உரித்தார். எல்லோரும் பார்க்க, அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆறுதலாகச் சாப்பிட்டார். பிறகு, நீங்கள் கோலுக்குப் பின்னால் நின்று கதைப்பதாக இருந்தால் அடுத்த ஞாயிறும் வருவேன், ஒரு சொல்லும் விளங்குவதில்லை, ஆனால் இன்று அது இல்லாமல் தனியாக இருந்தது என்றார். மொழிபெயர்க்கும் முன்னமே கோல்போஸ்ட் அண்ணை அழத் தொடங்கிவிட்டார்.

இனத்தைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது குற்றம் என்று சட்டம் தொண்ணூறுகளில்தான் வந்தது. சனத்திடம் வாக்குக்கு விட்டார்கள். எங்களுக்கு வாக்கில்லை, வானொலியில் முடிவைக் கேட்டோம். அதற்குள் அண்ணை ரொறன்ரோவில் தங்கையோடு போய்க் குடியேறியிருந்தார். உடனே அவருக்கு ரெலிபோன் எடுத்து, இனி ஊளையிட்டால் கேஸ் அண்ணை என்றேன்.

"நல்லது," என்றார். பிறகு, "இப்ப அங்க கீப்பர் ஆர்?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு நான் மைதானப் பக்கமே போனதில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு குடையோடு போய், கோலுக்குப் பின்னால் நின்று, புதுக் கீப்பர்ப் பெடியனுக்கு எந்த முழங்காலில் நோவு என்பதுவரை பார்த்துக்கொண்டு வந்து, அவருக்குத் திரும்ப ரெலிபோன் எடுத்தேன்.