ஆதரவு முடிந்த கம்ப்யூட்டர்

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தேன். மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் வீட்டு ஹாலில், மனைவி புஷ்பலதாவுக்கு முன்னால், கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எடுத்த சபதம்.

"ஏங்க, திறந்தாலே மஞ்சக் கட்டத்துல என்னமோ வருதே, படிச்சீங்களா?"

"இந்த சிஸ்டத்துக்கு ஆதரவு முடிஞ்சிருச்சாம். அதனால என்ன? இந்த வீட்டுல ஆதரவே இல்லாம இருபத்தாறு வருஷமா நான் ஓடலையா?"

"ஓடுறீங்கதான். சத்தம்தான் ஜாஸ்திலா."

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் மானமே இருந்தது. சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் இருவரும் பிறந்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது, குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் போய்விட்டன. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் முகவரியையும் போன் நம்பரையும் மூன்று வருடம் அலைந்து சேர்த்தவன் நான். ஒன்றுகூடல் குழுவின் செயலாளர். அடுத்த மாதம் விழா. அழைப்பு அனுப்புவதுதான் பாக்கி.

'பந்தல் அலங்காரம், இலவசப் படங்கள்' என்று ஒரு மெயில் வந்தது. இலவசம் என்றால் என் விரலுக்குத் தனி வேகம். அமுக்கினேன். திரை சிவந்தது. எல்லாக் கோப்புக்கும் பூட்டு. சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று மிரட்டல்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, ரிப்பேர் பார்க்கும் கோகிலன் கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, இந்த சிஸ்டத்த செஞ்ச கம்பெனியே ஓட்டைய அடைக்கிறத நிறுத்தி வருஷக்கணக்காச்சு. எந்த ஓட்டை எங்க இருக்குன்னு திருடனுக்கு அத்துப்படி. பணம் மட்டும் கட்டிராதீங்க. கட்டினாலும் திறப்பான்னு நிச்சயம் இல்ல. காப்பி வெச்சிருக்கீங்களா?"

"மூணு காப்பி இருக்கு!"

"எங்க?"

"இதுக்குள்ளதான்."

கோகிலன் வயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

"வீட்டுல சொல்லிராத தம்பி."

"சேச்சே, நான் ஏன்ணே சொல்றேன்?"

வரும் வழியில் திட்டம் பிறந்தது. புஷ்பலதாவுக்குத் தோட்டத்தில் எல்லாரையும் தெரியும். அவளுக்குத் தெரியாமலே அவளிடமிருந்து முழு லிஸ்டையும் கறந்துவிடுவது!

"வீரம்மாக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"சித்தியவான்ல, மகன் வீட்டுல. ஏன் திடீர்னு?"

"சும்மா. கண்ணுக்குள்ளயே நிக்கிறாங்க."

"பாவம், நிக்கட்டும். நீங்க உக்காந்து இந்த வெங்காயத்த உரிச்சுக்கிட்டே கேளுங்க."

உரித்தேன். ஒரு வெங்காயத்துக்கு ஒரு குடும்பம். சீனி அண்ணன் வகையறாவுக்கு ஒரு தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். ஹுத்தான் மெலிந்தாங் போன கருப்பம்மாளுக்காகக் குளியலறை முழுவதும் தேய்த்தேன். ஏமாந்த மனைவியை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. கழிவறைக்குள் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் நோட்டில் ரகசியமாக எழுதினேன்.

மூன்றாம் நாள். நாற்பத்தொரு குடும்பம் தேறியிருந்தது. நாற்காலி மேல் நின்று ஹால் ஃபேனைத் துடைக்கும்போது போன் அடித்தது. பழைய தோட்டத்து அர்ச்சுனன்.

"செயலாளரே, அழைப்பு கிடைச்சிச்சு. நாங்க எட்டுப் பேர் வாரோம். உங்க கம்ப்யூட்டர் எப்படி இருக்கு? உங்க பேர்ல மெயில் வந்தா திறக்காதீங்கன்னு புஷ்பலதா தங்கச்சி எல்லாருக்கும் சொல்லிருச்சே!"

நாற்காலி ஆடியது. புஷ்பலதா வந்து பிடித்துக்கொண்டாள்.

"அந்த லிஸ்ட போன மாசமே என் போன்ல ஏத்திட்டேங்க. நம்பரெல்லாம் வெளிய போயிருக்கலாம், எல்லாரையும் உஷாரா இருக்கச் சொல்லுங்கக்கான்னு கோகிலன் அன்னைக்கே கூப்பிட்டான். எச்சரிக்கையோட அழைப்பையும் சேத்து அனுப்பிட்டேன். வைரம் கேட்ட பொண்டாட்டிக்கு வைரஸாச்சும் கொண்டாந்தீங்களே!"

"அன்னைக்கேவா? அப்ப மூணு நாளா ஏம்மா சொல்லல?"

அவள் துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள்.

"மாடியில இன்னும் ரெண்டு ஃபேன் இருக்குங்க."