எஞ்சினுக்குப் போர்த்திய கம்பளி

ஊவா மாகாணம் முழுக்கச் சலித்தாலும், லொறி எஞ்சினைத் தூங்க வைத்துவிட்டுத் தான் தூங்கப்போகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் கம்பளியண்ணன்.

பதுளை பஜாரில் அப்பாவுக்கு மரக்கறிக் கடை. வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிவரும் எங்கள் லொறிக்கு அண்ணன்தான் டிரைவர். அந்த லொறியின் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி பூச்சியத்தில் தொடங்கி, அதுவும் அலுத்துப்போய் நின்றுவிட்டது. அதனால் அண்ணன் நிலவை வைத்துக் கணக்குப் பார்ப்பார். போயாவுக்குப் போயா, பௌர்ணமி தவறாமல், எஞ்சின் ஒயில் மாற்றுவார். பழைய ஒயில் சொட்டி முடியும்வரை லொறிக்கு அடியில் படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாதி நாள் அப்படியே கண்ணயர்ந்துவிடுவார்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால், எஞ்சின் சோம்பல் முறித்து முடிக்கும்வரை கியரைத் தொடமாட்டார். "தூங்கி எந்திரிச்சவன உடனே மூட்டையத் தூக்குன்னு சொல்லுவீங்களா?" என்பார். ஓடிவந்து நின்றதும் சட்டென்று அணைக்கவும் மாட்டார். கொஞ்சநேரம் மெல்ல உறும விட்டு, சூடு தணிந்தபின் சாவியைத் திருப்பி, பொனட்டின் மேல் ஒரு கறுப்புக் கம்பளியைப் போர்த்துவார். மழையில் கொழுந்து பறிப்பவர்கள் தலையில் போட்டுக்கொள்கிற கம்பளிதான். "சூட்டு மேல பனி பட்டா இரும்புக்கும் சளி புடிக்கும்" என்பது அவர் கட்சி. கராஜ்காரர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் கம்பளி போர்த்தியபிறகு லொறிப் பக்கம் நாங்கள் எல்லாருமே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

எங்கள் லொறி ஒருநாளும் வழியில் கெட்டு நின்றதில்லை. அதற்கு முன்னால் அண்ணனே நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவரை நம்பித்தான் நான் பெண் பார்க்கப் போனேன்.

மடுல்சீமைப் பெண். பதுளைத் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரே தடவை பார்த்தேன். அன்றிலிருந்து கடையில் கரட் கேட்டவர்களுக்கு முட்டைக்கோவா நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு ஓய்வுபெற்றவர். "பகல் சங்குக்கு முன்னாடி வந்தா பேசலாம். பிந்தி வர்றவனுக்கு எம் பொண்ணு இல்ல" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று பார்த்து, பேசிவைத்த வேன் வரவில்லை. லொறியைக் கழுவி, பின்னால் நாற்காலி போட்டோம். கம்பளியைக் கண்டதும் அம்மா மூக்கைப் பிடித்தார். "பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு இந்த அழுக்கா?" என்று அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

பசறை தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு லொறி நின்றது. சூடு காட்டும் முள் பாதியைக்கூடத் தொடவில்லை.

"அண்ணே, இன்னும் கொதிக்கவே இல்லையே!"

"கொதிக்கிறதுக்கு முன்னாடி நிப்பாட்டத்தான் தம்பி டிரைவரு. கொதிச்சப்புறம் அதுவே நின்னுக்கும்."

மூடுபனி இறங்கிவந்து எங்களை மூடிக்கொண்டது. கீழே இருப்பது தோட்டமா ஆகாயமா என்று தெரியவில்லை. பின்னால் அம்மாவும் அப்பாவும் பழத்தட்டை மடியில் வைத்தபடி தூங்கிப்போனார்கள். நிறுத்திய லொறிக்குள் அண்ணனும் லேசாகக் கண்ணை மூடியிருந்தார். அந்த வெள்ளைக்குள் எங்கோ மேலே சங்கு ஊதியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா வாசலில் கைகட்டி நின்றார்.

"சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு? திருப்புங்க வண்டிய!"

அண்ணன் கீழே இறங்கி உதட்டில் விரலை வைத்தார். எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்கய்யா. இப்பதான் கண்ணு சொருகுது."

"யாருக்கு?"

"எஞ்சினுக்குங்க."

பெரியவர் திகைத்துப்போனார். "சரி, அணைச்சுத் தொலையேன்யா!"

"எப்படிங்கய்யா? போர்த்த ஒண்ணும் இல்லையே. இந்தப் பனியில..." அண்ணன் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

வீட்டுக்குள் களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு அவளே வந்தாள். காத்திருந்து அலுத்து, பட்டுச்சேலையை மாற்றிவிட்டிருந்தாள். கையில் தேநீர்த் தட்டு இல்லை. அவள் அம்மா கொழுந்துக்குப் போகும்போது போடுகிற கம்பளி இருந்தது.

"இது போதுமாண்ணே? மெதுவாப் போர்த்துங்க, முழிச்சுக்கப் போவுது."

அண்ணன் எஞ்சினை அணைத்துப் போர்த்தினார். திடீரென்று விழுந்த அமைதியில் பெரியவருக்குக் கத்த மனம் வரவில்லை. மகள் முகத்தில் கிடந்த சிரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள வாங்க" என்றார் மெல்ல. என் கல்யாணப் பேச்சு முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்து முடிந்தது.

அந்தக் கம்பளியை அண்ணன் திருப்பித் தரவில்லை. "பொண்ணு ஒங்களுக்கு, கம்பளி எனக்கு. சீதனத்துல ஆளுக்குப் பாதி" என்றார்.

போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன்தான் கூட்டிவந்தார். கூப்பிடு தூரம்தான், ஆனால் வழியெல்லாம் நிறுத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இறங்கியதும், துவைத்து மடித்த கம்பளியை நீட்டினார். டீசல் வாசனை போகவே இல்லை. அம்மா மறுபடி மூக்கைப் பிடிக்க, என் மனைவி அதை வாங்கித் தொட்டிலின் கீழே விரித்தாள்.

மறுநாள் காலை வெளியே வந்தால், பொனட்டின் மேல் அண்ணனுடைய ஸ்வெட்டர் கிடந்தது. பக்கத்தில் அவர் வெறும் சட்டையோடு, எஞ்சின் எழும்பட்டும் என்று நடுங்கிக்கொண்டு நின்றார். என் சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினேன். அந்த மனிதருக்கும் யாராவது போர்த்த வேண்டாமா?