வகுபடாத நம்பர்

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் பேய், பிசாசு, மேலதிகாரி எதற்கும் அஞ்சாமல், பகா எண்ணுக்கும் ஆஸ்பத்திரி ஊசிக்கும் மட்டும் நடுங்கிய ஒரே ஆள் எங்கள் வகுத்தல் அண்ணாச்சிதான். பாளையங்கோட்டை ஆபீஸில் எனக்கு அடுத்த நாற்காலி. எந்த நம்பரைக் கண்டாலும் வகுத்துப் பார்ப்பார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாவிட்டால் போச்சு! பதினேழாம் நம்பர் பஸ் வந்தால் ஏறாமல் டவுணுக்கு நடந்தே போவார்.

"ஒண்டிக்கட்டை நம்பரு வே. தொணைக்கு ஆள் கெடையாது. அத நம்பி எறங்கக் கூடாது."

போன வருஷம் எனக்கு இருதய ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதிய அண்ணாச்சியும் கூட வந்தார். சீட்டில் 2147483647 என்று அச்சாகி வந்தது. மூன்றால், ஏழால், பதினொன்றால் போட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சரியில்ல வே. எதுலயும் போவமாட்டேங்கு."

உடனே கவுண்டருக்குள் தலையை நீட்டி, தனக்கும் நெஞ்சுவலி என்று பெயர் கொடுத்து அடுத்த நம்பரை வாங்கிக்கொண்டார்.

அது தங்கமான நம்பர்! இரண்டால் வகுத்தால் போகிறது, மறுபடி வகுத்தால் மறுபடியும் போகிறது. முப்பத்தொரு தடவை அப்படியே பாதி பாதியாகி ஒன்றில் வந்து நிற்கிறது. என் நம்பரோ குத்துக்கல் மாதிரி அசையவில்லை. 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதுமாம். அதற்குமேல் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி கீழேயே சிக்கியிருக்குமாம். நான்கு நாள் லீவு போட்டுக் கால்குலேட்டரைத் தட்டினார்.

"எதுவரைக்கும் வந்திருக்கீய அண்ணாச்சி?" என்று போனில் கேட்பேன்.

"நாப்பதாயிரம் தாண்டிட்டு. ஒண்ணும் சிக்கல."

எனக்கு இந்தக் கிறுக்குத்தனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கடைசி எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டு அவர் "எதுலயும் போவல வே" என்று போனை வைத்தபோது, என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலை இரண்டு சீட்டையும் மாற்றித் தரச் சொல்லிக் கவுண்டரில் மல்லுக்கு நின்றார். "இது என்ன பஸ் டிக்கெட்டா? நோயாளி நம்பரை எல்லாம் மாத்த முடியாது, போங்க!" என்று அங்கிருந்த அம்மா விரட்டிவிட்டார். என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அண்ணாச்சி, நான் திரும்பி வருவேனா?" என்று அழுதேவிட்டேன். மனுஷன் தன் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கேயோ ஓடினார். இப்படியா விட்டுவிட்டுப் போவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் என்னை வார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அண்ணாச்சி! ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர், கையில் டிரிப்ஸ் ஊசியோடு கண்ணை இறுக்க மூடிக் கிடந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நம்பரத்தான் மாத்தமாட்டோம்னுட்டாவளே. நெஞ்சு வலிக்குன்னு சொல்லிப் படுத்துட்டேன்." "ஒம்ம நம்பரு ஒத்தையில கெடக்கக் கூடாதுல்லா வே. அதான் என் நம்பரக் கொண்டாந்து பக்கத்துல போட்டேன்."

நெஞ்சில் தையல், அழக்கூட முடியவில்லை. கையை நீட்டி, ஊசி குத்தாத அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.