சங்கிலி சாரின் பதினோரு தப்படி

ராஜபாளையத்தில் வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் சங்கிலி சார். இதை நான் சொல்லவில்லை. தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவரேதான் சொல்லுவார்.

சர்வேயராக ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அளவுச் சங்கிலியை இழுத்து இழுத்தே அந்தப் பெயர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். அவருடைய வீட்டுக்காரம்மாவே வாசலுக்கு வந்து, “சங்கிலி சார் குளிக்காக, செத்த நேரம் இருங்க” என்றுதான் சொல்லுவார்.

எங்கள் நடைக்குழுவில் ஒன்பது பேர். நான் மருந்துக்கடைக்காரன். பகலெல்லாம் ஊரார் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் சர்க்கரைக்காகக் காலையில் நடக்கிறேன். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் சிஸ்டர் என்போம். ஒரு பார்வையில் ஊசி போடக்கூடியவர். சங்கிலி சார் பயப்படுகிற ஒரே ஆள்.

போன வருடம் என் மகள் எனக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணிச் சொல்லும். முதல் நாள் பெருமையாக, “சார், இன்னைக்கு நாலு கிலோமீட்டர்” என்றேன்.

“யாரு சொன்னா?”

“வாட்ச் சொல்லுது சார்.”

“அது எந்தத் தாலுகாவுல வேலை பாத்துச்சு?”

நான் வாட்சைத் திருப்பிப் பார்த்தேன்.

“மூவாயிரத்து எழுநூத்து இருபது மீட்டர். சந்தேகம்னா திரும்ப நடந்து பாப்போம்” என்றார். திரும்ப நடந்தோம். அன்றைக்கு நான் கடை திறக்கும்போது மணி பத்தரை.

அவர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு தப்படியும் இரண்டரை அடி. கூடாது, குறையாது. எதிரே தண்ணீர் தேங்கிக் கிடந்தால் நாங்கள் ஒதுங்குவோம். அவர் அதற்குள்ளேயே கால் வைத்து எண்ணிக்கொண்டு போவார். ஒருநாள் மில் பக்கத்தில் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் எட்டுப் பேரும் சிதறி ஓடினோம். சங்கிலி சார் மட்டும் “நானூத்தி ஆறு, நானூத்தி ஏழு” என்று நேராக நடந்தார். கடைசியில் காளைதான் ஒதுங்கியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் ஒருவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். மனிதர் நல்ல சமையல்காரரைப் பிடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு போயிருந்தோம். சங்கிலி சார் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போகவில்லை. சுவரோரமாக நாலு தப்படி நடந்தார்.

“முக்காலடி தெருவுக்குள்ள வந்திருக்கு” என்றார், சத்தமாக.

உள்ளே பால் பொங்கியது. வெளியே வீட்டுக்காரர் பொங்கினார். நாங்கள் ஒன்பது பேரும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம்.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டுதான் சிஸ்டர் ஒரு உல்லாச நடைக்கு ஏற்பாடு செய்தார். “தினம் அதே ரோடு, அதே நாயி. ஒரு ஞாயித்துக்கெழமை எங்கயாச்சும் காட்டுப் பக்கம் நடந்துட்டு, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு வருவோம்” என்றார்.

திட்டம் எளிதானது. காலையில் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து நடந்து திருவண்ணாமலை. வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்களுக்கும் ஒரு திருவண்ணாமலை உண்டு. இங்கே மலைமேல் நிற்பவர் பெருமாள். அவரைக் கும்பிட்டு இறங்கி, தார் ரோட்டிலேயே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் சிஸ்டரின் தம்பியுடைய தென்னந்தோப்பு. அங்கே கூட்டாஞ்சோறும் அப்பளமும் தயாராக இருக்கும்.

பெருமாள் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கீழே இறங்கியதும் சங்கிலி சார் தார் ரோட்டைப் பார்த்தார். ஒரு பழைய எதிரியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“எதுக்கு வெயில்ல ரோட்டுல போகணும்? இங்கன ஒரு வண்டிப்பாதை இருக்கு. வாய்க்கால் கரையோட போயி மாந்தோப்புக்குள்ள திரும்புனா, பாதி தூரம் மிச்சம்.”

“நெசமாவே இருக்கா சார்?” என்றார் சிஸ்டர்.

“வரைபடத்துல இருக்கு.”

“நான் தரையில இருக்கான்னு கேட்டேன்.”

சங்கிலி சார் முதல் தப்படியை எடுத்து வைத்தார். எட்டுப் பேரும் பின்னால் போனோம். புத்தி எங்கே போயிற்று என்று இப்போதும் தெரியவில்லை.

வண்டிப்பாதை இருந்தது. வரைபடத்தில் மட்டும். தரையில் வேலிக்கருவை இருந்தது. ஒரு மணி நேரம் முள்ளோடு மல்லுக்கட்டினோம். என் வேட்டியில் பாதி வாய்க்கால் கரையிலேயே தங்கிவிட்டது. சிஸ்டருக்குத் தம்பியிடமிருந்து போன் மேல் போன். “அக்கா, சோறு ஆறுது. எங்க நிக்கீய?” “தெரியலடா. ஆனா எத்தனாவது தப்படின்னு வேணா கேட்டுச் சொல்லுதேன்.”

வாட்சில் மணி ஒன்றரை. சர்க்கரைக்காரனுக்கு மணி ஒன்றரை என்றால் பசி இல்லை, பயம். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் திணித்தார். டாக்டர் பத்து வருடமாக வேண்டாம் என்று சொன்னதை ஒரு நர்ஸ் ஊட்டிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சங்கிலி சார் ஒரு மாந்தோப்புக்குள் நின்றார். காலடியில் ஓர் எல்லைக்கல். பக்கத்தில் எங்கள் பக்கத்துச் சப்பட்டை ரக மாமரங்கள் மூன்று, கிளை தாழக் காய்த்துக் கிடந்தன. அவர் கல்லைப் பார்த்தார். திரும்பி வாய்க்காலைப் பார்த்தார்.

“வாய்க்கா கரையில இருக்க சர்வே கல்லுலருந்து எண்ணிக்கிட்டே வாரேன். வரைபடத்துப்படி இது இங்க இருக்கக் கூடாது. பதினோரு தப்படி தள்ளி இருக்கணும். எவனோ கல்லை நகத்திப் போட்டிருக்கான்!”

அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மரத்துக்குப் பின்னாலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயா, இன்னொருக்கச் சொல்லுங்க! ஏலே குருசாமி! இங்க வாலே! யாரோ பெரிய மனுசர் வந்து சொல்லுதாரு, காதுல வாங்கு!”

மறுபக்கத்திலிருந்து குருசாமி வந்தார். கையில் மண்வெட்டி. சிரிப்பு இல்லை. கூடவே ஒரு ராஜபாளையம் நாயும் வந்தது. அது பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்து நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தோம். அது பால்கோவாப் பொட்டலத்தை மோந்துவிட்டுச் சிஸ்டர் காலடியில் படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். மூத்தவர் முத்தையா, இளையவர் குருசாமி. அப்பா இருக்கும்போதே தோப்பை அளந்து ஆளுக்குப் பாதியாகக் கல் போட்டாயிற்று. அப்பா போன பிறகு வேலி போடப் போன முத்தையா, பத்திரத்தில் இருப்பதைவிடத் தன் பங்கு குறைவதைக் கண்டுபிடித்தார். தம்பிதான் கல்லை நகர்த்திவிட்டான் என்று முடிவு செய்தார். அதோடு பேச்சு நின்று பதினைந்து வருடம்; இன்றைக்குக் கூப்பிட்டதே ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்தான். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார். நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை.

“திருட்டுப்பய, மூணு மரத்துக்காகக் கல்லை நகத்திட்டான்!” என்றார் முத்தையா.

“யாருலே திருடன்? நம்ம அப்பா முன்னாடி அளந்து போட்ட கல்லு இது! சர்வேயர் ஒருத்தர் வந்தாரு. ஒல்லியா, வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு. அவரு கையால நட்டாரு. அன்னைக்கு நட்டது நட்டபடிதான் இருக்கு!”

மண்வெட்டி தோளுக்கு ஏறியது. சிஸ்டர் இருவருக்கும் நடுவில் போய் நின்று, “வெட்டுறதுன்னா என்னையத் தாண்டி வெட்டுங்க. தையல் போட ஊசியும் கொண்டாரல” என்றார்.

நான் சங்கிலி சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வாய்க்கால் பக்கம் நடந்தார். அவர் எண்ணாமல் நடந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கரையில் குனிந்து கைகளால் முள்ளை ஒதுக்கினார். கையில் ரத்தம் வந்தது. நாங்கள் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தோம். அவர் எண்ண ஆரம்பித்த கல்லிலிருந்து பதினோரு தப்படி தள்ளி, மண்ணில் பாதி புதைந்து, அச்சு அசலாக அதேபோல் இன்னொரு கல்.

“சார்,” என்றேன் மெதுவாக, “வாங்க, போயிருவோம். யாருக்கும் தெரியாது.”

உண்மையிலேயே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒல்லியான உடம்பும் வெள்ளைத் தொப்பியும் அவரிடம் இப்போது இல்லை. தொப்பி இருந்த இடத்தில் வழுக்கைதான் இருந்தது. எங்களுக்கு முன்னால் கூட்டாஞ்சோறு காத்திருந்தது. சங்கிலி சார் என்னைப் பார்த்தார், பிறகு கல்லைப் பார்த்தார். நேராக அண்ணன் தம்பியிடம் போனார்.

“அந்தத் தொப்பிக்காரன் நான்தான்.”

மண்வெட்டி அப்படியே நின்றது.

“வாய்க்கா கரையில ரெண்டு கல்லு இருக்கு. உங்கப்பா அன்னைக்கே சொன்னாரு, ‘தம்பி, அந்தக் கல்லு இல்ல, இந்தக் கல்லு’ன்னு. எனக்கு எவனும் கல்லு காட்ட வேண்டாம்னு சொல்லிட்டு, தப்பான கல்லுலருந்து அளந்தேன். யாரும் எதையும் நகத்தல. தப்பு என்னுது.”

நான் அவரை அறிந்த இத்தனை வருடத்தில் அந்தக் கடைசி இரண்டு சொற்களை அவர் வாயால் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அந்த எல்லைக்கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு குருசாமி மண்வெட்டியைக் கீழே போட்டார். அண்ணனைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துப் பேசினார். “பதினோரு தப்படியும் நீயே எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு? ஆனா திருடன்னு சொன்னியேண்ணே. ஊரு பூராம் சொன்னியே.”

முத்தையா துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறொன்றா என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது இதுதான்:

“சாப்டியாலே?”

“இல்ல” என்றார் குருசாமி.

“நாங்களும்தான்” என்றார் சிஸ்டர்.

பிறகு எல்லாம் சிஸ்டர் கையில். தன் தம்பிக்குப் போன் போட்டு, அண்டாவோடு சோற்றை டிராக்டரில் ஏற்றி மாந்தோப்புக்கே வரவழைத்தார். முத்தையா வீட்டிலிருந்து மோர் வந்தது, குருசாமி வீட்டிலிருந்து இலை வந்தது. மூன்று சப்பட்டை மரத்தடியில் பந்தி. சங்கிலி சார் மட்டும் உட்கார மறுத்தார். “தப்புப் பண்ணுனவன் எந்த முகத்தோட சாப்பிடுறது?” என்று நகர்ந்தார்.

“பதினஞ்சு வருசமா எங்களப் பேசவிடாமப் பண்ணிட்டு, சாப்பிடாம வேற போவீகளோ? உக்காருங்கய்யா!” என்று முத்தையா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அதற்கப்புறம் அண்ணன் விட்ட இடத்திலிருந்து தம்பி, தம்பி மூச்சு வாங்கும்போது அண்ணன் என்று, பந்தி முடிகிற வரைக்கும் இருவரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டிக்கொண்டே இலையில் சோற்றை அள்ளி வைத்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மறுபடி அளக்க மனுக் கொடுங்கள், நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியும் கொடுத்தார்.

சாயங்காலம், ராஜபாளையம் வழியாகப் போகும் தென்காசி பஸ்ஸில் ஏறினோம். சங்கிலி சார் என் பக்கத்து இருக்கை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தவர், கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். முள் கிழித்த கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. ராஜபாளையம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சிஸ்டர் படியில் நின்றபடி, “எழுப்புங்க, எழுப்புங்க” என்று ஜாடை காட்டினார். நீங்கள் போங்கள் என்று கையசைத்தேன்.

கண்டக்டரிடம் அடுத்த ஊரான சேத்தூருக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.