என் வயிற்றில் வெடி வைக்க அனுமதி இல்லை

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை.

கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் அவர்களுக்கு,

எங்கள் தென்றலை உங்கள் மகன் அறிவுச்செல்வனுக்குக் கேட்டு வந்தவர் என்ற முறையில் சம்பந்தி என்றும், நாள் குறிக்காமல் நிறுத்தி வைத்திருப்பவர் என்ற முறையில் ஐயா என்றும் அழைத்து, கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் கணையம் நீங்கலாக. அங்கே நீங்களும் வீட்டில் அம்மாவும் போட்டிருக்கும் வேர்க்கடலையும் நலமாக இருக்க அண்ணாமலையார் அருள்வாராக. பெண் பார்க்க வந்த அன்று, வடையைத் தொடாமல், விரதம் என்று சொல்லி வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்தீர்கள். அவ்வளவு கட்டுப்பாடான மனிதர் என்னைப் பற்றி இப்படிச் சொல்லி அனுப்பலாமா என்பதே இக்கடிதத்தின் பொருள்.

நேற்று தரகர் திருமலை வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஆதிமூலம் அண்ணன் தப்பா ஒன்னும் சொல்லலீங்க. கணையத்துல கல்லு எதனால வருதுன்னு ஊருக்கே தெரியும். மொதல்ல கல்ல ஒடச்சிகினு, பழக்கத்தையும் உட்டுட்டு வரட்டும், அப்புறம் நாள் பாக்கலாம்னாரு" என்றார். எந்தப் பழக்கம் என்று கேட்டேன். "அதாங்க" என்றார். நான் டீ மட்டுமே குடிப்பவன் என்றேன். "ஆமாங்க, இப்ப டீதான்" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டதும் வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை வலி. குனிந்து உட்கார்ந்தால் கம்மியாகும், நிமிர்ந்தால் ஜாஸ்தியாகும். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், கணையக் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "எத்தனை வருஷமா டிரிங்க்ஸ்?" என்றார். கிடையாது என்றேன். "எப்பவாச்சும்?" எப்போதும் கிடையாது என்றேன். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் மனைவி அருணாதேவியைக் கேட்டார். அவள் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசாதவள், அதனால் எங்களுக்குப் பல சங்கடங்கள். "டீ ஜாஸ்தி குடிப்பாருங்க டாக்டர்" என்றாளாம். டாக்டர் சிரித்துவிட்டு, குடிக்காதவர்களுக்கும் இது வரும், நம் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் என்றாராம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வரவில்லை.

கல் என்றதும் தெருவே வாழைத்தண்டு கொடுத்தனுப்பியது. அது சிறுநீரகக் கல்லுக்கு, இது கணையக் கல் என்று விளக்கினேன். அங்கேதான் தவறு செய்தேன். கணையம் எங்கே இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. யாருக்கு அது கெட்டுப்போகும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாழைத்தண்டு நின்றுபோய், எந்தக் கோயிலில் கயிறு கட்டினால் குடி நிற்கும் என்ற விவரங்கள் வர ஆரம்பித்தன.

இந்த நிலையில் பௌர்ணமி வந்தது. கிரிவலம் போனேன். பாதை நெடுக அன்னதானம். நெய் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பது அதைவிடப் பழைய உத்தரவு. நிருதி லிங்கத்திடம் ஒரு தொன்னை பொங்கல், அடி அண்ணாமலையில் இன்னொன்று, அடுத்த பந்தலில் ஒரு அம்மா, "சாமி, எளச்சிப் போயிட்டீங்க" என்று கூடவே ஒரு கரண்டி நெய். குபேர லிங்கத்தருகே தள்ளாடிப்போய்ச் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்தவர் உங்கள் திருமலை. நான் தள்ளாடியதைப் பார்த்தவர், பொங்கலைப் பார்க்கவில்லை.

இப்போது வைத்தியத்துக்கு வருகிறேன். அதிர்வலை என்று பெயராம். கத்தி கிடையாதாம், உடம்புக்கு வெளியே இருந்தே ஆயிரக்கணக்கில் தட்டுவார்களாம், கல் பொடியாகுமாம், பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு மிச்சத்தை எடுப்பார்களாம், ஒரே நாளில் முடியாதாம், தவணை தவணையாக வரணுமாம். இதற்கு எங்கள் கனிமவளத் துறையில் வெடி வைப்பது என்று பெயர். குடியிருப்பை ஒட்டிப் பாறைக்கு வெடி வைக்கக் கேட்ட ஒரு மனுவையும் பரிந்துரைக்காமல் ஓய்வு பெற்றவன் நான். முன்னால் இரைப்பை, இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல், பின்னால் முதுகெலும்பு, இவ்வளவு நெருக்கமான குடியிருப்பில் கருத்துக்கேட்புக் கூட்டம்கூட நடத்தாமல் எப்படி அனுமதிப்பது என்று டாக்டரிடம் கேட்டேன். "பயமா இருக்கா சார்?" என்றார். பயமில்லை, நடைமுறை என்றேன்.

ஆனால் என் மறுப்புக்கு உண்மைக் காரணம் நீங்கள்தான். வலிக்காகப் போ என்றிருந்தால் போயிருப்பேன். நிபந்தனைக்காகப் போகமாட்டேன். இன்றைக்குப் போய்ப் படுத்தால், நாளைக்கு ஊர் என்னைத் திருந்திவிட்டார் என்று சொல்லும். திருந்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பொண்ணு கல்யாணத்துக்காகக் குடிகாரன்னு ஒத்துக்கணுமா? முடியாதுங்க. கல்லோடயே இருந்துட்டுப் போறேன். நாள் குறிப்பதும் குறிக்காததும் உங்கள் விருப்பம். கல் என் உரிமை.

உங்கள் நிலத்தில் விளைச்சலும் வீட்டில் நிம்மதியும் பெருகட்டும். அம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைக்கு என் ஆசி. திருமலைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு.: வெள்ளிக்கிழமை. இதைத் தபாலில் போட புதன்கிழமையே தென்றலிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கப்பா. போய் வண்டில ஏறு" என்றாள். வாசலில் உங்கள் மகன் வேனோடு நின்றிருந்தார். முதல் தவணை முடிந்துவிட்டது. வலிக்கு மருந்து கொடுத்தார்கள், பாதியில் தூங்கிவிட்டேன். வெடி வைக்கும்போது குவாரிக்குள்ளேயே தூங்கிய கனிமவளத் துறைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வழியில் மாப்பிள்ளை ஒன்று சொன்னார். "எங்கப்பாவும் சாப்ட்டதும் இப்படித்தாங்க குனிஞ்சி உக்காந்துக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு வாப்பான்னா, ஊரு இன்னா சொல்லும்ன்றாரு." நீங்கள் தொடாத வடை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வருகிற வியாழன் எனக்கு இரண்டாவது தவணை. வேன் உங்கள் வாசலிலிருந்துதான் கிளம்புகிறது. நீங்களும் ஏறி வாருங்கள். வெறும் வயிற்றோடு வாருங்கள், வீட்டில் விரதம் என்று சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உங்களை வெளியே அனுப்பினால் கவலைப்படாதீர்கள். உள்ளே நான் இருப்பேன். டீ ஜாஸ்தி என்று சொல்லிவிடுகிறேன்.